பழைய லாரியின் சேஸிஸில் விரிசல்: அறிகுறியைப் பார்த்துக் காரணத்தைப் பிடிக்கும் வழி

சேஸிஸில், அதாவது வண்டியின் அடிச்சட்டத்தில், விரிசல் என்றதும் முதலில் வெல்டரைத் தேடிப் போகிறோம். விரிசலை மூடுவது பெரிய வித்தை இல்லை. எந்த விசை அதைக் கிழித்தது என்று தெரியாமல் மூடினால், புதிய வெல்டிங்கின் ஓரத்தையொட்டி அதே சட்டம் மறுபடியும் பிளக்கும். அதனால்தான் இதை அறிகுறி வாரியாக எழுதுகிறேன். உங்கள் வண்டியில் தெரியும் அறிகுறியைப் பாருங்கள், அது காட்டும் காரணத்தை உறுதி செய்யுங்கள், அதன் பிறகு பழுதுபார்ப்புப் பகுதிக்கு வாருங்கள்.

பெரும்பாலான லாரிகளுக்கும் பிக்கப்புகளுக்கும் சேஸிஸ் ஏணி வடிவத்தில் இருக்கிறது. இரண்டு நீளச் சட்டங்கள், அவற்றை இணைக்கும் குறுக்குச் சட்டங்கள். நீளச் சட்டத்தைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால் பக்கவாட்டில் சாய்த்த ‘ப’ எழுத்து தெரியும். நிமிர்ந்து நிற்கும் பகுதியை நடுத் தகடு என்றும், மேலும் கீழும் மடங்கியிருப்பவற்றை மேல் மடிப்பு, கீழ் மடிப்பு என்றும் இங்கே சொல்கிறேன். பாரம் ஏறிச் சட்டம் வளையும்போது ஒரு மடிப்பு இழுபடுகிறது, இன்னொன்று அமுங்குகிறது. நடுத் தகட்டின் பாதி உயரத்தில் வளைவினால் வரும் விசை ஏறக்குறைய இல்லை. இரும்பு கிழியத் தொடங்குவது இழுபடும் பக்கத்தில். எனவே விரிசல் எந்த மடிப்பிலிருந்து தொடங்கியது என்பதே முதல் கேள்வி. அதற்கு விடை கிடைத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

சந்தேகம் வந்த உடனேயே பாரத்தை இறக்கிவிடுங்கள். விரிசல் விட்ட சட்டத்துக்கு அடியில் ஜாக்கியை மட்டும் நம்பிப் படுக்கவே கூடாது. ஸ்டாண்டுகளை விரிசலுக்கு இரு புறமும், நல்ல இரும்பு இருக்கும் இடத்தில் நிறுத்துங்கள்.

அறிகுறி: பெயின்ட் மேல் மெல்லிய துருக்கோடு

இதுதான் மிகவும் முன்கூட்டியே கிடைக்கும் எச்சரிக்கை. சட்டம் முழுவதும் தூசி படிந்திருக்க, ஒரு போல்ட் துளையிலிருந்தோ பிராக்கெட்டின் மூலையிலிருந்தோ தலைமுடி அளவுக்குச் செம்பழுப்புக் கோடு ஒன்று கிளம்பி ஓடும். விரிசலின் இரண்டு பக்கங்களும் ஓட்டத்தில் ஒன்றோடொன்று உராய்ந்து, உள்ளே புகுந்த ஈரத்தோடு சேர்ந்து துருவாகி வெளியே கசிகிறது.

பெயின்ட் மட்டும் வெடித்ததா, இரும்பே வெடித்ததா என்று கண்ணால் தீர்மானிக்க வேண்டாம். அந்த இடத்தைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து இரும்பை வெளியே கொண்டுவாருங்கள். கிரைண்டரை வைத்து ஆழமாகத் தேய்த்தால் இரும்பு இழுபட்டு விரிசலின் வாயை மூடிவிடும், பிறகு எந்தச் சோதனையும் அதைக் காட்டாது. சுத்தம் செய்த இடத்தில் விரிசல் கண்டறியும் சிவப்புச் சாயத்தைத் தெளித்துப் பத்து முதல் இருபது நிமிடங்கள் விடுங்கள். மேலே நிற்கும் சாயத்தைத் துணியால் துடைத்தெடுங்கள். சாயம் கரையும் திரவத்தை நேராகச் சட்டத்தின் மேல் அடிக்காமல் துணியில் நனைத்துத் துடைப்பது முக்கியம், இல்லையென்றால் விரிசலுக்குள் போன சாயமும் கழுவிக்கொண்டு போய்விடும். பிறகு வெள்ளைப் பொடித் தெளிப்பானை மெல்லிய படலமாக அடியுங்கள். விரிசல் இருந்தால் வெள்ளையின் மேல் சிவப்புக் கோடு ஊறி எழும். அது எங்கே முடிகிறது என்று பார்த்து அடையாளம் இடுங்கள். உண்மையான நுனி அதைவிடச் சற்றுத் தள்ளி இருக்கும் என்று எடுத்துக்கொள்வதே பாதுகாப்பு.

ஒரு விரிசல் கிடைத்தால் அதோடு நிறுத்தாதீர்கள். எதிர்ப்பக்கச் சட்டத்தின் அதே இடத்தையும் சோதியுங்கள். இரண்டு சட்டங்களும் ஒரே பாரத்தைத்தான் சுமக்கின்றன. ஒரு பக்கம் கிழிந்த பிறகு மறுபக்கம் அதன் பங்கையும் சேர்த்துச் சுமந்திருக்கும்.

அறிகுறி: கேபினுக்கும் பாடிக்கும் இடையே உள்ள சந்து மாறியிருக்கிறது

கேபினின் பின்சுவருக்கும் பாரப் பெட்டிக்கும் நடுவே உள்ள சந்தைப் பக்கவாட்டிலிருந்து பாருங்கள். மேலே குறுகி, கீழே அகன்று இருந்தால் வண்டியின் முதுகு நடுவில் தொய்ந்துவிட்டது. மேலே அகன்று கீழே குறுகியிருந்தால், வால் பக்கம் தாழ்ந்து நடு முதுகு மேலே எழும்பியிருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத அளவு மாற்றமாக இருந்தால் பாரத்தோடு ஒரு முறை, பாரம் இல்லாமல் ஒரு முறை என்று அதே இரு புள்ளிகளில் அளந்து ஒப்பிடுங்கள். வெறும் வண்டியில் ஒழுங்காக மூடும் கதவு, பாரம் ஏற்றியதும் பூட்டில் இடிக்கிறது என்றால் அதுவும் இந்த வகையில்தான் சேரும். பாரம் ஏறும்போது ஏதோ ஓரிடத்தில் விரிசல் வாய் திறக்கிறது.

நடுவில் தொய்ந்த வண்டியில் கீழ் மடிப்பைத் தேடுங்கள். முன் அச்சும் பின் அச்சும் இரு முனையில் தாங்க, பாரம் அவற்றுக்கு நடுவில் அழுத்தும்போது கீழ் மடிப்புதான் இழுபடுகிறது. கேபினுக்குப் பின்னால் கனமான பொருளை ஒரே இடத்தில் குவித்து ஏற்றும் வழக்கம் இருந்தால் காரணம் கையில் கிடைத்துவிட்டது. வால் தாழ்ந்த வண்டியில் மேல் மடிப்பைப் பாருங்கள். பின் அச்சுக்குப் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் பாரம், பின்னால் பொருத்திய கிரேன், இழுவை வண்டியின் கொக்கியில் விழும் எடை ஆகியவை அச்சின் மேல் சட்டத்தை முதுகு வளைக்கின்றன, மேல் மடிப்பு இழுபடுகிறது. முன் பம்பரில் கனமான வின்ச் (வடம் சுற்றி இழுக்கும் கருவி) பொருத்திய வண்டிகளில் இதே கதை முன் அச்சுக்கு மேலே நடக்கும்.

இதில் பலர் பார்க்கத் தவறும் ஒரு காரணத்தைச் சற்று விரிவாகச் சொல்லவேண்டும். பாரப் பெட்டிக்கு அடியில் நீளச் சட்டத்தின் மேல் இன்னொரு துணைச் சட்டம் படுத்திருக்கும். அதன் முன் முனை கேபினுக்குப் பின்னால் சதுரமாக வெட்டி நிறுத்தப்பட்டிருந்தால், அந்தக் கோட்டுக்குப் பின்னால் சேஸிஸ் இரட்டைச் சட்டம், முன்னால் ஒற்றைச் சட்டம். விறைப்பான பகுதி வளைய மறுப்பதால் வளைவு முழுவதும் அந்த ஒரு கோட்டில் வந்து சேர்கிறது. பழைய வண்டிகளில் விரிசல் சரியாக அந்தக் கோட்டின் அடியில் வந்திருப்பதை அடிக்கடி பார்க்கலாம். அங்கே விரிசலை மட்டும் அடைத்துவிட்டுப் பாடியை அப்படியே திரும்ப வைத்தால் ஒரு பயனும் இல்லை. துணைச் சட்டத்தின் முன் முனையை நீளமாகச் சரித்து வெட்டி, விறைப்பு படிப்படியாகக் குறையும்படி செய்யவேண்டும். முன்பக்கப் பிடிப்புகளை ஸ்பிரிங் வைத்த போல்ட்டுகளாக மாற்றினால் சேஸிஸ் முறுகும்போது பாடி அதை இறுக்கிப் பிடிக்காது.

பாடியைக் கட்டும் யு போல்ட்டுகளையும் கவனியுங்கள். அவற்றை இறுக்கும்போது மடிப்புகள் உள்பக்கமாக நசுங்கக்கூடாது. ‘ப’ வடிவத்தின் உள்ளே மடிப்புகளுக்கு நடுவில் முட்டுக் கட்டை இருக்கவேண்டும். சைலன்சர் குழாய் பக்கத்தில் ஓடுகிறது என்றால் மரக்கட்டைக்குப் பதில் இரும்பு முட்டு.

அறிகுறி: ஸ்டியரிங்கைத் திருப்பினால் சக்கரம் தாமதமாகத் திரும்புகிறது

இன்ஜினை ஓடவிட்டு, வண்டி நின்ற இடத்திலேயே ஒருவர் ஸ்டியரிங்கை இடமும் வலமும் திருப்பட்டும். நீங்கள் ஸ்டியரிங் பாக்ஸ் பொருத்தப்பட்ட இடத்தில் சட்டத்தைப் பாருங்கள். பாக்ஸ் சட்டத்தோடு சேர்ந்து அசைகிறதா? தகடு மூச்சுவிடுவது போல உள்ளே வெளியே போகிறதா? டிக் டிக் என்று சத்தம் வருகிறதா? அப்படியானால் போல்ட் துளைகளைச் சுற்றி விரிசல் இருக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள். டை ராடு (சக்கரங்களைத் திருப்பும் கம்பி) முனைகளை மாற்றியும் வண்டி அலைவது நிற்கவில்லை என்று அலுத்துக்கொள்ளும் பலருக்கு விடை இங்கேதான் இருக்கிறது.

1973 முதல் 1987 வரை ஜெனரல் மோட்டார்ஸ் தயாரித்த செவ்ரோலே, ஜி.எம்.சி. பிக்கப்புகளில், அதிலும் நான்கு சக்கர இயக்கம் கொண்டவற்றில், இந்த இடத்தில் விரிசல் விடுவது பழைய லாரிப் பிரியர்கள் எல்லோருக்கும் தெரிந்த குறை. பெரிய டயர் மாட்டினால் ஸ்டியரிங் பாக்ஸ் தள்ளும் விசை கூடுகிறது, மெல்லிய சட்டம் அதைத் தாங்குவதில்லை. இந்த மாடல்களுக்கென்றே வடிவமைத்த வலுவூட்டும் தகடுகள் கிடைக்கின்றன. விரிசலை முறையாக வெல்டு செய்த பிறகு அந்தத் தகட்டைப் பொருத்தி, ஸ்டியரிங் பாக்ஸிலிருந்து எதிர்ச் சட்டத்துக்கு விசையைப் பங்கிடும் முட்டுக் கம்பியும் சேர்த்தால் பழுது நிலைக்கும்.

இந்த ஒரு அறிகுறிக்கு என் கருத்து கறாரானது: வண்டியை ஓட்டிக்கொண்டு பட்டறைக்குப் போகாதீர்கள். மற்ற விரிசல்கள் எச்சரித்துவிட்டுத்தான் முறியும் என்று ஓரளவு எதிர்பார்க்கலாம். ஸ்டியரிங் பாக்ஸ் கழன்றால் ஓட்டுநர் கையில் ஒன்றும் மிஞ்சாது.

அறிகுறி: மேடு பள்ளத்தில் முனகல் சத்தம், ரிவெட்டைச் சுற்றிச் செந்தூள்

ஒரு சக்கரம் மட்டும் மேடேறும்போது சேஸிஸ் முறுகுகிறது. அது பழுதல்ல. ‘ப’ வடிவச் சட்டம் முறுகிக் கொடுப்பதற்காகவே வடிவமைக்கப்பட்டது. குறுக்குச் சட்டத்தின் ரிவெட்டுகள் தளர்ந்திருந்தால் அந்த முறுக்கலில் முனகலும் கிளிக் சத்தமும் கேட்கும். ரிவெட் தலையைச் சுற்றி நுண்ணிய செந்தூள் வளையம் தெரிந்தால் அது உள்ளே தேய்கிறது என்று பொருள். தலையின் ஒரு பக்கம் விரலை வைத்து, மறுபக்கம் சுத்தியலால் தட்டுங்கள். இறுகிய ரிவெட்டில் அதிர்வு மட்டும் வரும். தளர்ந்ததில் தலை நகர்வதை விரல் உணர்ந்துவிடும்.

தளர்ந்த ரிவெட்டின் தலையை வெல்டு வைத்து ஒட்டுவது தவறான சிக்கனம். அது அடுத்த விரிசலுக்கு விதை. தலையின் நடுவில் சென்டர் பஞ்ச் வைத்து, டிரில் போட்டு எடுங்கள். கேஸ் கட்டிங்கால் ஊதி எடுத்தால் துளையின் ஓரம் கருகி, பல் பல்லாக நிற்கும், அந்தப் பல்லிலிருந்தே விரிசல் தொடங்கும். நீள்வட்டமாகத் தேய்ந்த துளையை ரீமரால் (துளையைச் சீராக அகலப்படுத்தும் கருவி) வட்டமாக்கி, அடுத்த அளவு போல்ட்டை இறுக்கமாகப் பொருத்துங்கள். போல்ட் கையால் உதறினால் விழும்படி இருக்கக்கூடாது, மெல்லத் தட்டினால் நுழையவேண்டும். தலையில் 8.8 அல்லது 10.9 என்று பொறித்த போல்ட்டுகளும் கடினப்படுத்திய வாஷர்களும்தான் இதற்குத் தகுந்தவை.

அறிகுறி: வண்டி ஒரு பக்கம் இழுக்கிறது, பின் சக்கரங்கள் முன் சக்கரத் தடத்தில் போகவில்லை

இடப்பக்கமும் வலப்பக்கமும் முன் சக்கர மையத்திலிருந்து பின் சக்கர மையம் வரை அளந்து ஒப்பிடுங்கள். ஒரு பக்கம் குறைந்திருந்தால் கமான் பட்டையின் சென்டர் போல்ட் உடைந்திருக்கலாம், அல்லது கமான் பட்டையைத் தாங்கும் பிராக்கெட்டோ அது உட்கார்ந்திருக்கும் சட்டமோ விரிசல் விட்டிருக்கலாம். பிராக்கெட்டின் விளிம்பு சட்டத்தைத் தொடும் மூலையில் பாருங்கள், விரிசல் பெரும்பாலும் அங்கிருந்துதான் நடுத் தகட்டுக்குள் ஏறும். பிராக்கெட்டைக் கழற்றாமல் அதன் பின்னால் இருப்பது தெரியாது.

சட்டமே கோணியிருக்கிறதா என்றும் பார்த்துவிடவேண்டும். சமதளத்தில் நிறுத்தி, இரு சட்டங்களிலும் எதிரெதிரான துளைகளிலிருந்து தூக்குக் குண்டு விட்டுத் தரையில் சாக்குக்கட்டியால் புள்ளி வையுங்கள். வண்டியை நகர்த்திவிட்டு மூலைவிட்டங்களை அளந்தால், இரண்டும் 3 மில்லிமீட்டருக்குள் ஒத்திருந்தால் கவலை இல்லை. 6 மில்லிமீட்டரைத் தாண்டினால் சட்டம் கோணியிருக்கிறது. கோணலை நிமிர்த்தாமல் விரிசலை வெல்டு செய்தால் கோணலையே நிரந்தரமாக்குகிறோம். நிமிர்த்தும் வேலை ஹைட்ராலிக் சேஸிஸ் மேடை உள்ள பட்டறைக்கு உரியது. நெருப்பு வைத்து நிமிர்த்தச் சொன்னால் மறுத்துவிடுங்கள்.

அறிகுறி: துரு செதில் செதிலாக உதிர்கிறது

பெட்டி வடிவச் சட்டம் உள்ள பிக்கப்புகளில் துரு உள்ளிருந்து வெளியே தின்கிறது. வெளியில் பெயின்ட் நன்றாக இருக்கும். வடிகால் துளைகள் சேற்றில் அடைபட்டு, உப்புத் தண்ணீர் உள்ளே தேங்கியதே தொடக்கம். 2005 முதல் 2010 வரையிலான டொயோட்டா டகோமாவும், அதே காலத்து சில டண்ட்ரா, செக்வோயா மாடல்களும் சேஸிஸ் துருவினால் வழக்கைச் சந்தித்து, 2016-இல் அமெரிக்காவில் டொயோட்டா சமரசத்துக்கு ஒப்புக்கொண்டது. துளை விழுந்த வண்டிகளுக்குச் சேஸிஸையே மாற்றித் தருவது அதில் அடங்கும். துருவுக்கு ஒட்டுப் போடுவதைத் தீர்வாக அவர்களும் எடுத்துக்கொள்ளவில்லை என்பதைக் கவனியுங்கள்.

சுத்தியலால் சட்டம் நெடுகத் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இரும்பு கணீரென்று ஒலிக்கும், தின்னப்பட்ட இடம் மொத்தென்று ஒலிக்கும், சில இடங்களில் சுத்தியல் முனை உள்ளேயே போய்விடும். அல்ட்ராசோனிக் தடிமன் அளவி கிடைத்தால் இன்னும் நல்லது. மெலிந்த இரும்பின் மேல் வெல்டு வைத்தால் ஆர்க் (வெல்டிங்கின் மின்பொறி) அதை ஊதித் துளைத்துவிடும். முழுத் தடிமன் உள்ள இரும்பு வரும்வரை வெட்டியெடுத்துவிட்டுத்தான் புதுத் தகடு வைக்க முடியும். அப்படி வெட்டிக்கொண்டே போய்க் கமான் பிராக்கெட் வரைக்கும் வந்துவிட்டால் அந்தச் சேஸிஸை விட்டுவிடுங்கள்.

அறிகுறி: ஏற்கெனவே வெல்டு செய்த இடம் மறுபடி விரிந்திருக்கிறது

விரிசல் வெல்டிங்கின் நடுவில் ஓடுகிறதா, ஓரத்தையொட்டி ஓடுகிறதா என்று பாருங்கள். நடுவில் ஓடினால் முதல் வெல்டிங் ஆழம் போகவில்லை. விரிசலின் மேல் மெழுகியிருக்கிறார்கள், அடியில் பழைய விரிசல் அப்படியே இருந்திருக்கிறது. ஓரத்தில் ஓடினால் வெல்டிங் நன்றாகவே இருந்திருக்கலாம். சூடு பட்ட இரும்பின் எல்லையில், அல்லது ஒட்டுத் தகடு செங்குத்தாக முடியும் கோட்டில் விசை குவிந்து கிழித்திருக்கிறது. கம்பியை இரண்டு குறடுகளால் பிடித்து முன்னும் பின்னும் வளைத்தால் குறட்டின் வாய் ஓரத்தில்தான் ஒடியும். கனமான ஒட்டுத் தகட்டின் முனையில் நடப்பதும் அதுவே. ஆகவே இன்னும் கனமான தகட்டைத் தேடாதீர்கள். தகட்டின் வடிவத்தையும், மேலே சொன்ன மூல காரணத்தையும் மாற்றவேண்டும்.

பழைய வெல்டிங்கின் மேல் புதிய வெல்டிங் வைக்கவேண்டாம். முழுவதும் தேய்த்தெடுத்து, சாயச் சோதனையை மறுபடி செய்து, சுத்தமான இரும்பிலிருந்து தொடங்குங்கள்.

எப்போது கைவைக்கக் கூடாது

கனரக லாரிகள் சிலவற்றில் நீளச் சட்டம் வெப்பப் பதப்படுத்திய எஃகால் ஆனது. சாதாரணச் சட்டத்தின் நெகிழ்வு எல்லை (இதைத் தாண்டினால் வளைந்த இரும்பு பழைய வடிவத்துக்குத் திரும்பாது) 250 முதல் 350 மெகாபாஸ்கல் வரை இருக்கும், இவற்றில் 760 மெகாபாஸ்கல் அளவுக்கு இருக்கும். அந்த வலிமை வெப்பப் பதத்தினால் வந்தது. வெல்டிங் சூடு பட்டால் அந்த இடத்தில் பதம் போய்விடும். சட்டத்தின் மேல் வெல்டு செய்யாதே, துளையிடாதே என்ற எச்சரிக்கை ஒட்டியிருந்தால் தயாரிப்பாளரின் கையேடு அனுமதிக்கும் முறையைத் தவிர வேறு எதையும் செய்யவேண்டாம். பழைய வண்டியில் ஒட்டு உதிர்ந்திருக்கலாம் என்பதால் கையேட்டைப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். இரு சட்டங்களும் ஒரே இடத்தில் விரிந்திருந்தாலும், ஒரே சட்டத்தில் பல இடங்களில் விரிசல் கிடைத்தாலும் சட்டத்தை மாற்றுவதே நேர்மையான பழுதுபார்ப்பு.

பழுதுபார்ப்பு

முதலில் ஆயத்தம். பேட்டரியின் நெகட்டிவ் கேபிளையும் அடுத்து பாசிட்டிவ் கேபிளையும் கழற்றுங்கள். ஆல்டர்னேட்டர் இணைப்பையும், மின்னணுக் கட்டுப்பாட்டுப் பெட்டி இருந்தால் அதன் இணைப்பையும் எடுத்துவிடுங்கள். வெல்டிங் மிஷினின் எர்த் கிளாம்ப்பை வெல்டு செய்யும் இடத்துக்கு மிக அருகில், சுரண்டிச் சுத்தமாக்கிய சட்டத்திலேயே மாட்டவேண்டும். அச்சிலோ கமானிலோ மாட்டினால் மின்சாரம் பேரிங் வழியாகப் பாய்ந்து அதைக் கெடுக்கும். கமான் பட்டையின் மேல் ஆர்க் பொறி ஒன்று பட்டாலும் அந்தப் புள்ளியிலிருந்து பட்டை பின்னாளில் முறியலாம். ஈரச் சாக்கோ தீப்பிடிக்காத போர்வையோ போட்டு மூடுங்கள். பிரேக் குழாய்கள், ஒயர்கள், டீசல் குழாய் ஆகியவற்றை அந்த இடத்திலிருந்து விலக்குங்கள். டேங்க் பக்கத்தில் இருந்தால் இறக்கியே ஆகவேண்டும். காலி டேங்க் ஆவியால் நிறைந்திருப்பதால் அது நிறைந்த டேங்க்கைவிட ஆபத்தானது.

எண்ணெய்ப் பிசுக்கை எடுக்கக் குளோரின் கலந்த பிரேக் கிளீனரைப் பயன்படுத்தவே கூடாது. அதன் மிச்சத்தில் ஆர்க் வெளிச்சமும் சூடும் பட்டால் பாஸ்ஜீன் வாயு உண்டாகும். அது நுரையீரலை அழிக்கும், மூச்சுத்திணறல் சில மணி நேரம் கழித்தும் வரலாம். துத்தநாகப் பூச்சு உள்ள பாகமாக இருந்தால் அதைத் தேய்த்து எடுத்துவிட்டு, காற்றோட்டம் உள்ள இடத்தில் வெல்டு செய்யுங்கள்.

அடுத்து, விரிசலின் வாயை மூடும்படி சட்டத்தைத் தாங்குங்கள். கீழ் மடிப்பில் விரிந்திருந்தால் விரிசலுக்கு அருகில் அடியிலிருந்து ஜாக்கியால் மெல்ல உயர்த்துங்கள். பின் அச்சின் மேல் விரிந்திருந்தால் வால் முனையை உயர்த்துங்கள். கேபின் சந்து நேராகிறதா என்று பார்த்துக்கொண்டே செய்யவேண்டும். விரிசல் மூடியதும் அங்கே நிறுத்தி ஸ்டாண்டுகளை வைத்துவிடுங்கள்.

விரிசலின் நுனிக்குச் சற்று அப்பால் 5 அல்லது 6 மில்லிமீட்டர் துளை போடுங்கள். கூரான நுனியில் குவியும் விசையை வட்டமான துளை பரப்பிவிடும், விரிசல் அங்கே நிற்கும். துளைக்கு அப்பால் மறுபடி சாயம் தெளித்து, விரிசல் துளையைத் தாண்டவில்லை என்று உறுதி செய்யுங்கள். பிறகு விரிசல் நெடுக இரு பக்கமும் சரித்து, மொத்தம் 60 பாகை வரும்படி ‘வி’ வடிவப் பள்ளம் தேய்த்து, அடியில் ஒன்றரை முதல் இரண்டு மில்லிமீட்டர் வரை இடைவெளி விடுங்கள். பின்பக்கம் செம்புப் பட்டை வைத்தால் வெல்டிங் ஒழுகாது.

ராடு என்றால் ஈ7018 வகை குறை ஹைட்ரஜன் ராடு. அதன் பூச்சு ஈரத்தை உறிஞ்சினால் வெல்டிங்குக்குள் ஹைட்ரஜன் புகுந்து, ஆறிய பிறகு விரிசல் விடும். திறந்து கிடந்த பொட்டலத்து ராடைச் சேஸிஸுக்குப் பயன்படுத்தாதீர்கள், சூட்டுப் பெட்டியில் வைத்திருந்ததையே எடுங்கள். மிக் வெல்டிங் (ராடுக்குப் பதில் சுருளிலிருந்து கம்பி வரும் முறை) செய்யலாம், ஆனால் சிறிய மிஷினில் கனத் தகட்டின் மேல் வெல்டிங் அழகாகப் படிந்துவிட்டு அடியில் பிடிக்காமல் இருக்கும் அபாயம் உண்டு. உங்களுக்கு இரண்டும் கைவரும் என்றால் நான் ராடையே சொல்வேன்.

துளையின் பக்கத்திலிருந்து தொடங்கி, மடிப்பின் ஓரத்தை நோக்கிப் பல அடுக்குகளாகப் போங்கள். ஓரத்தில் ஒரு சிறு துண்டு இரும்பை ஒட்டவைத்து, வெல்டிங்கை அதன் மேல் கொண்டுபோய் முடித்துவிட்டு, பிறகு துண்டை வெட்டித் தேயுங்கள். அப்படிச் செய்தால் வெல்டிங் முடியும் இடத்துப் பள்ளம் சட்டத்தின் ஓரத்தில் நிற்காது. ஒவ்வோர் அடுக்கின் கசடையும் முழுவதும் எடுத்த பிறகே அடுத்ததைப் போடுங்கள். ஒரு பக்கம் முடிந்ததும் பின்பக்கத்தைச் சுத்தமான இரும்பு தெரியும் வரை தேய்த்து அங்கும் வெல்டு செய்யுங்கள். தானாக ஆறட்டும், தண்ணீர் ஊற்றவேண்டாம். ஆறியதும் சட்டத்தின் மட்டத்துக்குத் தேய்த்துவிடுங்கள். கிரைண்டர் கீறல்கள் சட்டத்தின் நீளவாக்கில் இருக்கவேண்டும், குறுக்குக் கீறல் ஒவ்வொன்றும் புதிய விரிசலின் தொடக்கம். தேய்த்து மட்டமாக்கிய வெல்டிங் பார்ப்பதற்கு மெலிந்தது போல இருக்கும், ஆனால் புடைத்து நிற்கும் வெல்டிங்கைவிட அதுவே அதிக நாள் உழைக்கும்.

ஒட்டுத் தகடு

வெல்டிங் மட்டும் போதுமா என்றால், பெரும்பாலும் போதாது. தகட்டின் தடிமன் சட்டத்தின் தடிமனை மீறக்கூடாது. விரிசலுக்கு இரு புறமும் குறைந்தது சட்டத்தின் உயரம் அளவுக்காவது நீண்டிருக்கவேண்டும். முனைகளைச் செங்குத்தாக வெட்டாமல் 45 பாகைக்குள் சரித்து, மூலைகளை உருட்டிவிடுங்கள். துணைச் சட்டமோ குறுக்குச் சட்டமோ முடியும் அதே கோட்டில் தகடும் முடியாதபடி பார்த்துக்கொள்ளுங்கள்.

வெல்டிங்கா போல்ட்டா என்ற வாதத்தில் நான் போல்ட் பக்கம். நடுத் தகட்டில் துளையிட்டு இறுக்கிய தகடு, சட்டம் முறுகும்போது சிறிது கொடுக்கிறது, சூட்டினால் இரும்பையும் கெடுப்பதில்லை. துளைகளை டிரில் போட்டு, ஓரங்களின் பிசிறை எடுத்து, ஒன்றன் கீழ் ஒன்றாக நேர்க்கோட்டில் வராதபடி மாற்றி மாற்றி வையுங்கள். மடிப்புகளில் துளை கூடாது. அமெரிக்கக் கூட்டாட்சி வாகன விதிகளின் 393.201-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறிப்பிட்டால் தவிர மேல், கீழ் மடிப்புகளில் துளையிடுவதையே தடை செய்கிறது. தகட்டை வெல்டு செய்தே ஆகவேண்டும் என்றால் நீளவாக்கில் இடைவெளி விட்டுவிட்டு வெல்டு செய்யுங்கள், மடிப்புக்குக் குறுக்கே ஒரு கோடும் போடாதீர்கள், முனைகளையும் சுற்றி மூடாதீர்கள்.

‘ப’ வடிவச் சட்டத்தின் திறந்த பக்கத்தைத் தகடு வைத்து மூடிப் பெட்டியாக்கினால் பலம் கூடும் என்று சிலர் செய்கிறார்கள். அந்த இடம் முறுக்கத்துக்கு விறைத்துவிடும், முறுக்கம் முழுவதும் பெட்டி முடியும் இடத்துக்குப் போய்ச் சேரும். தயாரிப்பாளர் அப்படி வடிவமைக்காத வண்டியில் அதைச் செய்யவேண்டாம்.

வேலை முடிந்த பின்

வெல்டிங் முடிந்து அரை மணி நேரமாவது தீயணைப்பானோடு அருகில் இருங்கள். சட்டத்துக்குள் அடைந்த காய்ந்த குப்பையும் துருத்தடுப்பு மெழுகும் மெல்லப் புகைந்து பிறகுதான் பற்றும். சாயச் சோதனையை இன்னொரு முறை செய்து, மூலைவிட்டங்களை அளந்து, பிரேக் குழாய்களைப் பழையபடி கிளிப்பில் பொருத்துங்கள். பழுதுபார்த்த இடத்துக்கு வெளிர் நிறத்தில் பெயின்ட் அடியுங்கள், கறுப்பு வேண்டாம். புதிய துருக்கோடு எழுந்தால் வெளிர் நிறத்தில்தான் உடனே தெரியும்.

முதல் பயணத்தில் அரைப் பாரம் மட்டும் ஏற்றுங்கள். திரும்பி வந்ததும் போல்ட்டுகளை டார்க் ரெஞ்ச் (குறித்த அளவுக்கு இறுக்கும் ஸ்பானர்) வைத்து மறுபடி இறுக்குங்கள், வெளிர்ப் பெயின்ட்டைத் துடைத்துப் பாருங்கள். முழுப் பாரம் ஏற்றிய பிறகும் அதையே செய்யுங்கள். அதற்குப் பிறகு எண்ணெய் மாற்றும் ஒவ்வொரு முறையும் விளக்கைப் பிடித்துக்கொண்டு அந்த இடத்தையும், எதிர்ச் சட்டத்தில் அதே இடத்தையும் பாருங்கள்.